ஒற்றை பேரல் கார்ட்டர்: பழைய ஃபோர்டு பிக்கப்பில் கார்புரேட்டர் மாற்றும் வேலை

ஃபோர்டின் 300 கன அங்குல (4.9 லிட்டர்) ஆறு சிலிண்டர் இன்ஜின் 1965 முதல் 1996 வரை அமெரிக்க பிக்கப்புகளில் ஓடியது. டைமிங் செயினோ பெல்ட்டோ இதில் கிடையாது. கிராங்கிலிருந்து கேம் வரை பல்சக்கரத்தோடு பல்சக்கரம். சரியாக ஆயில் மாற்றினால் வண்டியின் பாடி துருப்பிடித்து விழுந்த பிறகும் இன்ஜின் ஓடும். 1987-இல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வரும்வரை அதன் மேல் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தது கார்ட்டர் ஒய்.எஃப். என்ற ஒற்றை பேரல் (காற்று இறங்கும் தொண்டை ஒன்றே உள்ள) கார்புரேட்டர், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம். இன்று ஓடிக்கொண்டிருக்கும் பழைய எஃப்-100, எஃப்-150 வண்டிகளில் இன்ஜினை விட முதலில் தொந்தரவு கொடுப்பது இதுதான். அதைவிட அதிகமாக, செய்யாத குற்றத்துக்குப் பழி சுமப்பதும் இதுதான்.

அதனால் ஸ்பானரை எடுக்கும் முன் ஒரு மணி நேரம் சோதனைக்கு ஒதுக்குங்கள். மிஸ்ஸிங், இழுவை இல்லை, ஐடிலில் நிற்கவில்லை என்ற மூன்று புகாருக்கும் இக்னிஷனும் ஏர் லீக்கும் அதே அளவு காரணமாக இருக்கலாம். வரிசை முக்கியம். முதலில் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ஒயர். பிறகு டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்): வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜினின் உறிஞ்சு சக்தியால் டைமிங்கை முன்னே தள்ளும் அமைப்பு) ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு டைமிங் லைட் பிடிக்க வேண்டும். எத்தனை டிகிரி என்பது பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் எமிஷன் ஸ்டிக்கரில் இருக்கும். அதற்குப் பிறகு இன்டேக் மேனிஃபோல்டில் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் குழாய்த்தொகுதி) வேக்குவம் கேஜ். கடல் மட்டத்தில், நல்ல நிலையில் உள்ள இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) வரை முள் ஆடாமல் காட்டும். ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். டென்வரில் 14 காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. ஹூஸ்டனில் 14 காட்டினால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது.

300 இன்ஜினில் இன்டேக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் இரண்டும் ஒரே பக்கம்தான். இன்டேக் எக்ஸாஸ்ட்டின் மேல் அமர்ந்து அதன் சூட்டை வாங்கிக்கொள்கிறது. குளிர்காலத்தில் பெட்ரோல் ஆவியாக இது உதவி. ஆனால் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பல வருடத்தில் மேனிஃபோல்டு கேஸ்கெட் விட்டுவிடும். கார்புரேட்டர் எத்தனை புதிதாக இருந்தாலும் அந்த ஏர் லீக்கை அது சரிசெய்யாது. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, தீ பற்ற வைக்காத புரோபேன் டார்ச்சின் ரப்பர் குழாயை மேனிஃபோல்டு ஓரமாகவும் கார்புரேட்டர் அடிப்பக்கமாகவும் மெல்ல நகர்த்துங்கள். எங்கே ஆர்.பி.எம். ஏறுகிறதோ அங்கே ஓட்டை. கார்ப் கிளீனர் ஸ்பிரேயிலும் இதைச் செய்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு சாண் மேலே எரியும் திரவத்தைத் தெளிப்பது எனக்கு ஒப்புதலில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால் கார்புரேட்டர் பக்கம் வரலாம். ஏர் ஃபில்டர் தொட்டியைக் கழற்றி, இன்ஜின் நின்ற நிலையில் சோக் தகட்டை (குளிர் ஸ்டார்ட்டில் காற்றைக் குறைக்கும் மேல்தகடு) விரலால் திறந்து உள்ளே பார்த்தபடி த்ராட்டிலை (பெடலோடு திறக்கும் கீழ்த்தகடு) திருப்புங்கள். ஒரு மெல்லிய பெட்ரோல் தாரை உடனே பாய வேண்டும். பாயவில்லை என்றால் பம்ப் டயஃப்ரம் போய்விட்டது, அல்லது பௌல் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் அறை) காலியாக இருக்கிறது.

ஒய்.எஃப்.-இன் தனித்தன்மை இந்த டயஃப்ரம்தான். ஆக்சிலேட்டர் பம்பும் மீட்டரிங் ராடும் ஒரே டயஃப்ரத்தோடு பிணைந்தவை. ஐடிலில் மேனிஃபோல்டு வேக்குவம் டயஃப்ரத்தைக் கீழே இழுத்து வைத்திருக்கும். ராடு ஜெட்டுக்குள் (பெட்ரோல் போகும் அளவான துளை) இறங்கி பெட்ரோலைக் குறைக்கும். மிதித்ததும் வேக்குவம் விழும், ஸ்பிரிங் டயஃப்ரத்தை மேலே தள்ளும், ஒரு தாரை பாயும், ராடும் உயரும். இந்த ஒரு ரப்பர் துண்டு கிழிந்தால் மிதிக்கும்போது வண்டி முக்கும். அதே கிழிசல் வழியாக வேக்குவம் பெட்ரோலை உறிஞ்சுவதால் ஐடிலில் கறுப்புப் புகை தள்ளும். இரண்டும் சேர்ந்து வந்தால் ‘கார்புரேட்டரே போச்சு’ என்று சொல்லிவிடுவார்கள். போனது டயஃப்ரம் மட்டும். ரீபில்ட் கிட்டில் அது கிடைக்கும்.

முழுக் கார்புரேட்டரையும் மாற்ற உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான் பெரிதாக எனக்குத் தெரிகிறது: த்ராட்டில் ஷாஃப்ட் தேய்மானம். ஷாஃப்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்த இடைவெளி வழியாகக் காற்று புகும். எந்தக் கிட்டாலும் அதை அடைக்க முடியாது. ஓட்டையை அகலப்படுத்தி புஷ் இறக்க வேண்டும். அதைச் செய்யும் லேத் பட்டறை பக்கத்தில் இருந்தால் பழைய ஒரிஜினலையே காப்பாற்றுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நகல்கள் பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும். ஆனால் நகலில் ஜெட் அளவு உங்கள் இன்ஜினுக்கானது என்ற உறுதி இல்லை; சோக் இழுப்பும் ஃப்ளோட் (பௌலில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) உயரமும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே சரியாக இருப்பது அபூர்வம். ‘ரீமேனுஃபாக்சர்ட்’ என்று விற்பதிலும் ஷாஃப்டுக்கு புஷ் போட்டார்களா என்று கேட்டு வாங்குங்கள். கேள்விக்கு நேரடியாகப் பதில் வராவிட்டால் போடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரியான மாற்று எது என்று கண்டுபிடிக்க, கார்புரேட்டரின் மேல்மூடி ஸ்க்ரூ ஒன்றின் அடியில் செருகியிருக்கும் சின்ன உலோகத் தகட்டைப் பாருங்கள். ‘டி5டிஇ-9510’ என்று தொடங்கும் எண் இருந்தால், ‘டி’ என்பது எழுபதுகள், ‘5’ என்பது 1975, அடுத்த ‘டி’ டிரக், ‘இ’ இன்ஜின் பிரிவு. 9510 என்பது ஃபோர்டு மொழியில் கார்புரேட்டர். அதற்குப் பின் வரும் எழுத்துகள்தான் மேனுவல் கியரா, ஆட்டோமேட்டிக்கா, கலிஃபோர்னியாவா என்ற வேறுபாடுகளைப் பிரிக்கும். தகடு தொலைந்திருந்தால் சோக் வகை, வேக்குவம் முனைகளின் எண்ணிக்கை, லிங்கேஜ் வடிவம் மூன்றையும் புகைப்படத்தோடு ஒப்பிட்டு வாங்க வேண்டியதுதான்.

1984 முதல் 1986 வரையிலான வண்டிக்குத் தனி எச்சரிக்கை. அதில் இருப்பது ஒய்.எஃப்.ஏ. ஃபீட்பேக் கார்புரேட்டர். கம்ப்யூட்டர் ஒரு சோலினாய்டை (மின்காந்த வால்வு) வைத்துக் கலவையைத் திருத்தும். அதைத் தூக்கிவிட்டுச் சாதாரண ஒய்.எஃப். மாட்டினால் வண்டி ஓடும், ஆனால் சோம்பிக் கிடக்கும். காரணம் எளிது: அந்த டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் அட்வான்ஸும் இல்லை, சுழல்வேகத்தில் விரியும் எடைகளும் இல்லை, டைமிங்கை முன்னே தள்ளுவது கம்ப்யூட்டர்தான். கார்புரேட்டரிலிருந்து சிக்னல் வராததால் அது டைமிங்கை ஓரிடத்திலேயே நிறுத்திவிடும். எனவே கார்புரேட்டரோடு டூராஸ்பார்க் (ஃபோர்டின் முந்தைய எலெக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டரும் அதன் மாட்யூலும் சேர்த்தே மாற்ற வேண்டும். மறுபக்கம், எமிஷன் பாகங்களைச் செயலிழக்கச் செய்வதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கலிஃபோர்னியாவில் 1975-உம் அதற்கு முந்தையதுமான மாடல்களுக்கு ஸ்மாக் சோதனை (புகைச் சோதனை) கிடையாது. 1976 மாடல் முதல் உண்டு. அங்கே இருப்பவர்கள் ஃபீட்பேக் அமைப்பையே பழுதுபார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

‘இரண்டு பேரல் போட்டால் பவர் கூடுமே’ என்ற ஆசைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 300 கன அங்குலத்தை 3500 ஆர்.பி.எம்.-ஆல் பெருக்கி 3456-ஆல் (கன அங்குலத்தைக் கன அடியாக்கி, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை உறிஞ்சுவதையும் சேர்த்த எண்) வகுத்தால் 304. நிரப்புதிறனை 80 சதவீதம் என்று கொண்டால் நிமிடத்துக்கு 243 கன அடி காற்று போதும். மோட்டார்கிராஃப்ட் 2100 என்ற இரண்டு பேரலில் 1.08 அங்குல வென்ச்சுரி (தொண்டையின் குறுகிய இடம்) கொண்டதே 287 சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) விடும். எண்ணைப் பௌலின் பக்கவாட்டில் வார்ப்பிலேயே பார்க்கலாம். 1.21, 351 சி.எஃப்.எம்.; இந்த இன்ஜினுக்குத் தேவையற்றது. அடாப்டர் தட்டு, வேறு லிங்கேஜ், வேறு ஏர் ஃபில்டர் என்று வேலை மூன்று மடங்காகும். பாரம் இழுக்கும் வண்டிக்கு 1.08 நிஜமாகவே வித்தியாசம் காட்டும். ஊருக்குள் மரக்கட்டையும் உரமூட்டையும் ஏற்றும் வண்டிக்கு ஒற்றை பேரலே போதும்.

கழற்றும் வேலை சிறியது, கவனம் பெரியது. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம். தரையோடு படர்ந்து போகும். அமெரிக்க வீடுகள் பலவற்றின் கராஜில் எரிவாயு வாட்டர் ஹீட்டரின் சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். வண்டியை வெளியே தள்ளிவைத்துச் செய்யுங்கள், தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஹோஸ் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதி, நான்கு பக்கமும் படம் எடுங்கள். பெட்ரோல் குழாயின் நட்டைத் திருகும்போது கார்புரேட்டர் பக்கத்து ஃபிட்டிங்கை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குழாய் முறுக்கிக்கொள்ளும், அல்லது மென்மையான வார்ப்பில் மரை போகும். ஆக்சிலேட்டர் லிங்கேஜ், சோக் சூடுகாற்றுக் குழாய் அல்லது ஒயர், ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸுக்குப் போகும் கிக்டவுன் ராடு. பிறகு அடியில் இரண்டே இரண்டு நட்டுகள். அரை அங்குல ஸ்பானர் பொருந்தும். பின்பக்க நட்டுக்கு விரல் நுழைவது கஷ்டம். வளைந்த ஸ்பானர் இருந்தால் ஐந்து நிமிடம், இல்லாவிட்டால் அரை மணி நேரம். கார்புரேட்டரைச் சாய்க்காமல் தூக்குங்கள், பௌலில் பெட்ரோல் இருக்கும். தூக்கிய அடுத்த நொடி மேனிஃபோல்டு வாயில் சுத்தமான துணியை அடையுங்கள். உள்ளே விழுந்த ஒரு வாய்சரை எடுக்க மேனிஃபோல்டையே கழற்ற வேண்டிவரலாம்.

இந்த நேரத்தில் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், ஆயில் அளவும் கூடியிருந்தால், ஓவர்ஃப்ளோ ஆன கார்புரேட்டரோ கிழிந்த பெட்ரோல் பம்போ பெட்ரோலைக் கிராங்க்கேஸில் கலந்திருக்கிறது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் செல்ஃப் அடிக்க வேண்டாம். பெட்ரோல் கலந்த ஆயிலில் பேரிங் நிற்காது.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது அடிப்பரப்பில் கீறல் விழக்கூடாது. எமிஷன் வண்டிகளில் கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இ.ஜி.ஆர். (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப இன்டேக்குக்கு விடும் அமைப்பு) ஸ்பேசர் தட்டு இருக்கும்; அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு கேஸ்கெட். பலர் மேல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கீழே உள்ளதை மறந்துவிடுகிறார்கள். ஏர் லீக் அங்கேயே தொடர்கிறது. புதிய கார்புரேட்டரின் அடிப்பரப்பில் ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் கண்ணாடித் தட்டின் மேல் எமரித் தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்கலாம். கேஸ்கெட்டுக்கு சிலிக்கான் பூசவே கூடாது. பெட்ரோல் பட்டதும் அது உப்பிக் கழன்று உள்ளே போகும்.

மாட்டும் முன் மேல்மூடியைத் திறந்து ஃப்ளோட் உயரத்தை அளக்க வேண்டும். புதியது, ரீபில்ட், எதுவானாலும் சரி. ஒய்.எஃப்.-இல் ஃப்ளோட் மேல்மூடியிலிருந்து தொங்குவதால் அளப்பது சுலபம்: மூடியைத் தலைகீழாகக் கண்மட்டத்தில் பிடித்து, கேஸ்கெட் இல்லாமல், மூடிப் பரப்புக்கும் ஃப்ளோட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அளவு மாடலுக்கு மாடல் மாறும். கிட்டோடு வரும் தாளில் தகட்டு எண்ணுக்கு நேராக இருப்பதே சரி. ஃப்ளோட்டின் நாக்கை வளைக்கும்போது நீடிலை (பெட்ரோல் வரும் வழியை மூடும் ஊசி) சீட்டோடு அழுத்தாதீர்கள். ரப்பர் முனை நசுங்கினால் அன்றே ஓவர்ஃப்ளோ.

நட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக, 12 முதல் 15 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் அடிப்பரப்பு வளையும், த்ராட்டில் பிடித்துக்கொள்ளும். ஏர் ஃபில்டரின் பட்டாம்பூச்சி நட்டும் அப்படித்தான். விரல் இறுக்கம் போதும். அதை பிளையர் வைத்து முறுக்கி மேல்மூடியை வளைத்துவிட்ட பழைய கார்புரேட்டர்கள் ஏராளம்.

லிங்கேஜை மாட்டியதும், இன்ஜின் ஓடாத நிலையில், ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலைத் தரை வரை மிதிக்கட்டும். த்ராட்டில் தகடு நேர் செங்குத்தாக நிற்கிறதா, விட்டதும் சட்டென்று மூடுகிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு இருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது. த்ராட்டில் திறந்தபடி மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சி6 ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸுக்குப் போகும் வேக்குவம் ஹோஸ் விட்டுப்போகக்கூடாது. அது இல்லாவிட்டால் கியர் முரட்டுத்தனமாக விழும். ஏ.ஓ.டி. என்ற இன்னொரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இன்னும் கறாரானது. அதன் டி.வி. ராடு (த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பி) தவறாக அமைந்தால் உள் அழுத்தம் குறைந்து கியர்பாக்ஸே எரிந்துபோகும். ராடைச் சரிசெய்யாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

எலெக்ட்ரிக் சோக் ஒயரில் நடக்கும் தவறு இந்த வேலையிலேயே மிகவும் பரவலானது. ஃபோர்டின் ஒரிஜினல் சோக்குக்கு ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டர் முனையிலிருந்து சுமார் 7 வோல்ட் போகும். இன்ஜின் ஓடினால்தான் மின்சாரம் வரும் என்பது அதன் அழகு. வெளியில் வாங்கும் சோக்குகள் பெரும்பாலும் 12 வோல்ட். அதை 7 வோல்ட் ஒயரில் சொருகினால் சோக் முழுதாகத் திறக்க வெகுநேரமாகும்; புகை, பெட்ரோல் வாடை, கறுத்த பிளக். சாவி போட்டதும் 12 வோல்ட் வரும் ஓரிடத்திலிருந்து ஃபியூஸோடு இழுங்கள். இக்னிஷன் காயிலிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள், ஸ்பார்க் பலவீனமாகும்.

பெட்ரோல் பக்கம்: பம்பிலிருந்து வரும் குழாயை ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடியுங்கள். அரை நிமிடத்துக்குள் ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, வர வேண்டும். இரட்டை டேங்க் வண்டியில் இரண்டிலும் தனித்தனியாகப் பாருங்கள். மாற்று வால்வு காற்றை உறிஞ்சுவது உண்டு. முதலில் வரும் துருத்தூளும் ரப்பர்த் துகளும் பாட்டிலோடு போகட்டும். புதிய கார்புரேட்டர் மாட்டிய பத்தாவது நிமிடம் ஓவர்ஃப்ளோ ஆனால், பத்தில் ஒன்பது தடவை நீடிலில் மாட்டிய ஹோஸ் துகள்தான் காரணம். ஃபில்டரும் ஹோஸும் புதிதாக இருக்கட்டும், எத்தனால் தாங்கும் வகையாக. அமெரிக்காவில் பெரும்பாலும் விற்பது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது இளக்கிவிடும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு மேலே இருந்து தொண்டைக்குள் பெட்ரோல் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு பேக்ஃபயர் போதும், முகம் வெந்துவிடும். பௌலின் காற்றுத்துளை வழியாகச் சின்னப் புனலால் பௌலை நிரப்பலாம். அல்லது பத்துப் பதினைந்து நொடி செல்ஃப், ஒரு நிமிடம் ஓய்வு என்று பம்பே நிரப்பட்டும். ஓடத் தொடங்கியதும் டார்ச் விளக்கை எடுத்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

டியூனிங் கடைசி. மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உட்காரும் வரை உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே. அழுத்தி இறுக்கினால் ஊசிமுனையில் வளையம் விழும், அதற்குப் பிறகு ஐடில் சரியாகவே வராது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து சோக் செங்குத்தாகத் திறந்த பிறகு, வேக்குவம் கேஜைப் பார்த்தபடி கால் கால் சுற்றாகத் திருகி அதிகபட்ச இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து முள் ஒரு மயிரிழை இறங்கும் வரை உள்ளே. பிறகு ஐடில் வேகம் ஸ்டிக்கரில் உள்ளபடி. ஆட்டோமேட்டிக்குக்கு ஹேண்ட்பிரேக்கும் சக்கரத்துக்குக் கட்டையும் போட்டு, டிரைவில் வைத்துப் பார்க்க வேண்டும். சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் தடதடவென்று ஓடினால் ஐடில் வேகம் அதிகம், அல்லது த்ராட்டிலைத் தாங்கும் சோலினாய்டு பின்வாங்கவில்லை.

கோடையில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், எக்ஸாஸ்ட் சூட்டில் பௌலில் உள்ள பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்திருக்கும். பெடலைப் பம்ப் செய்யாமல், முழுக்க மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். இது தினமும் நடந்தால் கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய வெப்பத்தடுப்பு ஸ்பேசரை முன்பு யாரோ எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள்.

நூறு மைல் ஓடியதும் அடி நட்டுகளை ஆறிய இன்ஜினில் மறுபடி இறுக்குங்கள். கேஸ்கெட் அமர்ந்ததில் தளர்ந்திருக்கும். ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: பிஸ்கட் நிறம் என்றால் நல்லது, கரி என்றால் சோக்கும் ஃப்ளோட்டும், வெளுப்பு என்றால் ஏர் லீக்.

பழைய கார்புரேட்டரை நீங்கள் திருப்பிக் கொடுத்தால், வாங்கும்போது கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தருவதாக விற்பவர் சொல்வார். தகட்டோடு கூடிய ஒரிஜினலாக இருந்தால் அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள். பெட்ரோலை வடித்து, காற்றடித்து உலர்த்தி, ஷாஃப்டில் இரண்டு சொட்டு ஆயில் விட்டு, திறந்த வாய்களையெல்லாம் டேப் போட்டு மூடி, மிக்சர் ஸ்க்ரூ எத்தனை சுற்று வெளியே இருந்தது என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதோடு கட்டி வையுங்கள்.